‘குடும்ப உறுப்பினர்’ என்பதை நீக்கி, என் தாயாரைத் ‘தொழிலாளி’ என்று எழுதித் தரக் கோருதல்

அனுப்புநர்:
சலவை ஆலை இஸ்திரிப் பிரிவில் வேலை செய்பவரின் மகள்,
ஒன்பதாம் வகுப்பு.

பெறுநர்:
தொழிலாளர் நல அதிகாரி அவர்கள்.

பொருள்: என் தாயாரின் வலக்கைச் சிகிச்சைக்குத் தடையாக இருக்கும் ஒரு சொல்லை மாற்றித் தர உத்தரவிட வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

நடந்த எல்லாவற்றையும் உண்மையாகப் பதிவு செய்வேன். எங்களுக்குப் பாதகமானதையும் மறைக்க மாட்டேன். பிறர் பேசியதை அவர்கள் பேசியபடியே எழுதுகிறேன். தங்கள் அறைக் கதவில் பதவி மட்டுமே எழுதியிருப்பதால், விளிப்பில் பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

1. விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தரும் ஆலையில் என் தாயார் வேலை செய்கிறார். ஈர விரிப்பின் ஒரு முனையை அவரும் மறுமுனையை ரேடியோ அத்தையும் பிடித்து, சூடான உருளைக்குள் விடுவார்கள். அத்தை ஓயாமல் பேசுவார் என்பதால் அந்தப் பெயர்.

2. பெரிய முதலாளியின் மகனை எல்லோரும் சின்னவர் என்பார்கள். ஊழியர்களை மதிப்பது எப்படி என்று எங்கேயோ பயிற்சி பெற்று வந்தவர், எல்லோரையும் சாப்பாட்டு அறைக்கு அழைத்து கேக் வெட்டினார். “இனிமே இங்க தொழிலாளின்னு யாரும் இல்ல. நாம எல்லாரும் ஒரே குடும்பம்” என்றார். ‘தொழிலாளர் வாயில்’ என்ற பலகையை அழித்து ‘குடும்பத்தார் வாயில்’ என்று எழுதினார்கள். ‘தொழிலாளி’ என்று அச்சிட்ட பழைய அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு, இதயம் வரைந்த புதிய அட்டைகளைக் கொடுத்தார்கள். ரேடியோ அத்தை மட்டும், “சொந்தம்னா எந்தச் சொந்தம்? சாப்பிட உக்கார வைக்கிற சொந்தமா, பாத்திரம் கழுவக் கூப்பிடுற சொந்தமா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவரும் சிரித்தார். என் தாயார் புதிய அட்டையைக் கண்ணாடிக்கு முன் மாட்டிப் பார்த்ததையும் நான் எழுத வேண்டும். அன்று அவர் மகிழ்ச்சியாக இருந்தார்.

3. அதன்பின் யாராவது விடுப்பு கேட்டால், சின்னவர், “வீட்டுல இருக்கிறவங்க லீவு லெட்டரா எழுதுவாங்க? பார்த்துப் பண்ணுங்கக்கா” என்பார். அவர் யாரையும் திட்டியதில்லை. என் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டைகூட அனுப்பினார்.

4. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் அது இயந்திரத்தை நிறுத்த வேண்டும், நிறுத்தவில்லை. என் தாயார் அதைப் பலமுறை சொன்னார். “நம்ம வீட்டுல ஒரு சாமான் கெட்டா உடனேவா மாத்துறோம்? கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க” என்பதே சின்னவரின் பதில். பிறகு ஒருநாள் விரிப்போடு அவர் கையும் உள்ளே போனது. ரேடியோ அத்தை மின் இணைப்பைப் பிடுங்கியதால் மணிக்கட்டோடு நின்றது.

5. இப்போது விரல்கள் மடங்குவதில்லை. உடனே அறுவை சிகிச்சை செய்தால் ஓரளவு மடங்கும், தள்ளிப்போட்டால் இப்படியே நின்றுவிடும் என்று தொழிலாளர் மருத்துவமனை மருத்துவர் சொன்னார். அங்கே சேர்க்க ஆலையிலிருந்து கடிதம் வேண்டும். சின்னவர் பூங்கொத்துடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தாயாரின் கையைப் பார்த்து அழுதார். அது நடிப்பு என்று என்னால் எழுத முடியாது. அவர் கொடுத்த கடிதத்தில், ‘எங்கள் அன்புக்குரிய குடும்ப உறுப்பினர்’ என்று இருந்தது. மருத்துவமனைச் சன்னலில் இருந்தவர் அதைத் திருப்பித் தந்து, “இது தொழிலாளர் ஆஸ்பத்திரிம்மா. முதலாளியோட சொந்தக்காரங்களைச் சேர்க்க முடியாது” என்றார்.

6. அந்த ஒரு சொல்லை மாற்றித் தரும்படி மறுபடியும் போய்க் கேட்டோம். சின்னவரின் முகம் வாடிவிட்டது. “உங்களைப் போய்த் தொழிலாளின்னு எழுத எனக்கு மனசு வரலக்கா” என்றார். பழைய அட்டைகளை எரித்துவிட்டார்களாம்.

7. நடந்ததைப் பார்த்தவர் ரேடியோ அத்தை ஒருவரே. வீட்டு விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்களைத் தெருவில் பார்த்தபோது, “கை எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. அவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவருக்கும் வேலை வேண்டும்.

8. தொழிலாளி என்பது இழிவான சொல்லா என்று அகராதியில் பார்த்தேன். தொழில் செய்பவர் என்றுதான் இருக்கிறது. முதலாளிகள் மதிப்பைக் காட்ட விரும்பினால், என் சிற்றறிவுக்குத் தோன்றுவது இதுதான்: கம்பி வேலை செய்யவில்லை என்று ஒருவர் சொன்னால், இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதைப் போய்ப் பார்க்கலாம். கேக் இல்லாவிட்டாலும் என் தாயார் அதைப் பெரிய மரியாதையாக நினைத்திருப்பார்.

9. தங்கள் அலுவலக உதவியாளர் இந்த மனுவை முன்பே திருப்பி அனுப்பினார். தொழிலாளி என்பதற்குச் சான்று இருந்தால்தான் தொழிலாளர் மனுவை வாங்க முடியும் என்றார். அந்தச் சான்றைக் கேட்டுத்தான் மனுவே கொடுக்கிறோம் என்றேன். “நீ நல்லாப் பேசுறம்மா, ஆனா ரூல் ரூல்தான்” என்றார். ஆகவே இதை மீண்டும் எழுதியிருக்கிறேன். இதுவும் திரும்பி வரலாம் என்று தெரியும். வேறு எங்கே கேட்பது என்று தெரியவில்லை.

விரல்கள் அப்படியே நின்றுவிடுவதற்குள் அந்த ஒரு சொல்லை எழுதித் தருமாறு ஆலைக்கு உத்தரவிட வேண்டுகிறேன்.

இடம்: தங்கள் அலுவலகத் தாழ்வாரம்
நாள்: மனு வாங்கும் நாள், மாலை

இப்படிக்கு,
தொழிலாளி ஒருவரின் மகள்

(என் தாயாரின் இடது பெருவிரல் ரேகை)

குறிப்பு: ரேகை கோட்டுக்கு வெளியே விழுந்திருப்பதற்கு மன்னிக்கவும். அவர் விரலை வைப்பதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.