தீவனத் தூள்

16 ஏப்ரல் 1982, வெள்ளி

மகள் ஸ்டெல்லாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாளாகிறது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஈஸ்டருக்கு, நான் வேலை செய்யும் பண்ணையின் முதலாளி தவுக்கே கொடுத்த பன்றிக்கறியில் வந்த கிருமியாம்.

வார்டில் மருந்து கொடுக்கும் டிரஸர் இன்று என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, நாங்க கொடுக்கிற மருந்து கேக்கமாட்டேங்குது லா. வீட்டுல ஏதாச்சும் கொடுத்தீங்களா? தெரிஞ்சா வேற மருந்து மாத்தலாம்."

"ஒண்ணும் கொடுக்கல" என்றேன்.

மருந்தின் பெயரை விசாரித்தேன். நான் தினமும் பன்றித் தீவனத்தில் கலக்கும் தூளின் மூட்டையிலும் அதே பெயர்தான். சீக்கு வராமல் கொழுக்கட்டும் என்று தவுக்கே வாங்கிப் போடுவது. வயிறு கெட்டால் நாங்களும் ஒரு சிட்டிகை எடுத்துக் கோப்பியில் கலக்கிக் குடிப்போம். திங்களன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் அவளுக்கும் நான்தான் கொடுத்தேன். தினமும் அதையே தின்ற பன்றியின் கிருமிக்கு அது எப்படிக் கேட்கும்? பன்றி மருந்தைப் பிள்ளைக்குக் கொடுத்ததை எந்த வாயால் சொல்வேன்?

புறப்படும்போது ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். "அப்பா, நம்ம வீட்டுத் தூள கொண்டாங்கப்பா. அத குடிச்சா போயிரும்லா."

டிரஸர் அடுத்த கட்டிலருகே நின்றிருந்தார். நான் சட்டென்று அவள் வாயைப் பொத்தினேன்.

அவர் காதில் அது விழுந்திருக்கவேண்டும் என்று இப்போது ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.