பஸ்ஸில் கேட்ட கிட்டார்

தேவனூர் நாடு,
கொல்லிமலை,
18.11.2001.

மதிப்பிற்குரிய சசிதரன் அண்ணாவுக்கு,

மேனகா எழுதுகிறேன். மஸ்கட்டில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் எழுத்தைப் பார்த்ததுமே மனதுக்குள் ஏதோ தட்டியிருக்கும். எப்போதும் அவர்தானே உங்களுக்கு எழுதுவார்.

அவர் போய்விட்டார் அண்ணா. ஐப்பசி பிறந்த வாரம் மிளகுக் கொடிக்குள் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜீப்பில் ஏற்றி மலையிறங்கினோம். அடிவாரம் சேருவதற்குள் என் மடியிலேயே முடிந்துவிட்டது. உங்களுக்குத் தந்தி கொடுக்கச் சொன்னேன். அந்த அவசரத்தில் யாருக்கும் முகவரி அகப்படவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

காரியமெல்லாம் காளப்பநாயக்கன்பட்டியில் அவர் அண்ணன் வீட்டில்தான் நடந்தது. அந்த அண்ணன், நான் மாமா என்று கூப்பிடும் அர்த்தநாரி, ஒன்றுக்கும் குறை வைக்கவில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ‘விவசாயி குணசேகரன்’ என்று போட்டிருந்தார்கள். அச்சுக்குப் போகும் முன்பே, கிட்டார் கலைஞர் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். மாமா அழுதுகொண்டேதான் சொன்னார், “அதெல்லாம் எதுக்கு அம்மிணி? இங்க ஆருக்குத் தெரியும்?” அவர் சொன்னதும் நிஜம்தான். வந்தவர்கள் எல்லாரும் நல்ல மனுசன், மிளகு நன்றாக விளைய வைத்தான் என்று பேசிவிட்டுப் போனார்கள்.

பெங்களூரில் உங்கள் இசைக்குழு கலைந்து ஊர் திரும்பிய பிறகும் அவர் வாசிப்பதை விடவில்லை. ஒரு வருஷம் இங்கே கோயில் நோம்பிக்கு மேடை கொடுத்தார்கள். நீங்கள் வாசித்த ப்ளூஸ் என்கிற இங்கிலீஷ் பாட்டில் ஒன்றை ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் மைக்செட்காரர் சினிமா கேசட்டைப் போட்டுவிட்டார். இவர் சிரித்தபடி இறங்கி வந்து, “ஏம்புள்ள, பொரி வாங்கலாமா?” என்று என்னைக் கேட்டார். அதற்குப் பிறகு வெளியே எங்கும் வாசித்ததில்லை. மழைநாளில் கரண்ட் போய் ஸ்பீக்கர் பெட்டி ஓய்ந்துவிட்டால், சத்தம் வர கிட்டாரின் தலையை மரப் பீரோவில் அழுத்தி வைத்து வாசிப்பார். பீரோ முழுக்க அதிரும். நான் அடுப்படியில் இருந்து கேட்பேன். அவருக்கு வாய்த்த கூட்டம் அவ்வளவுதான்.

இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். கருமாதி முடிந்ததும், மலையில் தனியாக இருக்க வேண்டாம், இங்கேயே இருந்துகொள் என்று மாமா சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டைப் பார்த்து வர பஸ் ஏறினேன். பாதி மலை ஏறியிருக்கும். டிரைவர் போட்ட கேசட்டில் அந்தப் பாட்டு வந்தது. மெட்ராஸில் சினிமாப் பாட்டுகளுக்குக் கூலிக்கு வாசித்த நாளில் அவர் வாசித்தது. பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் முன் கிட்டார் மட்டும் தனியாக வருமே, அந்தப் பாட்டு. கேசட் அட்டையில் அவர் பெயர் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

என்னால் வாயை அடக்க முடியவில்லை அண்ணா. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம், “இந்தக் கிட்டார் எங்க ஊட்டுக்காரரு வாசிச்சதுங்க” என்றேன். இந்த வழிக்குப் புதிதாக வந்தவர், எங்களைத் தெரியாது. நம்ப மாட்டார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படீங்களா அக்கா! எனக்கு ரொம்பப் புடிச்ச எடமுங்க அது. இப்ப மெட்ராசுல பெரிய ஆளா இருப்பாருங்களே?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாங்க என்றேன்.

அவர் டிரைவரிடம் சொல்லி அந்தப் பாட்டை மறுபடியும் போட வைத்தார். வளைவுக்கு வளைவு பஸ் சாய, எல்லாரும் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் பின்சீட்டில் மரவள்ளிக் கிழங்கு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, அவர் வாசித்து நான் கேட்ட வீட்டை விட்டு இனி கீழே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மாமாவுக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

பகலெல்லாம் தோட்டத்து வேலையில் போய்விடுகிறது. பொழுது சாய்ந்து பனி இறங்கிவிட்டால்தான் வீடு பெரிதாகிவிடுகிறது. வருபவர்கள் எனக்குத் தெரிந்த குணசேகரனைப் பற்றியே பேசுகிறார்கள். பெங்களூர் மேடைகளில் நின்றவரைப் பார்த்தவர் நீங்கள்தான். நிற்கும்போது கண்ணை மூடிக்கொள்வாரா? யாரோடு சண்டை போடுவார்? கை தட்டினால் வெட்கப்படுவாரா? இதையெல்லாம் நான் அவரிடம் கேட்டதே இல்லை. இன்னும் காலம் கிடக்கிறது என்று இருந்துவிட்டேன்.

லீவில் ஊருக்கு வரும்போது அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவசியம் மலைக்கு வாருங்கள். துக்கம் கேட்க வருவதாக நினைக்க வேண்டாம், இரண்டு நாள் இருக்கிற மாதிரி வாருங்கள். தேதியை முன்கூட்டியே எழுதினால் நல்லது. இரண்டு பேருக்கு அரிசி போட்டுப் பழகிய கை, ஒருத்திக்கு அளவு தெரியாமல் தினமும் மிஞ்சிப் போகிறது.

உங்கள் வரவை எதிர்பார்க்கும் தங்கை,
மேனகா