பின்க்ஸ்டருக்கு வராதே

நியூயார்க்,
செவ்வாய்க்கிழமை, மே 22, 1827,
பிற்பகல் மூன்றேகால் மணி.

கிங்ஸ்டனில் இருக்கும் என் மகள் சானாவுக்கு, உன் தந்தை யோஸ்ட் நலம் வேண்டி எழுதுவது.

இக்கடிதத்தை உனக்குப் படித்துக் காட்டுபவர் மிங்க். மரக்கட்டை ஏற்றிவரும் படகில் சமையல்காரர், நம்மவர். படித்து முடித்ததும் அவர் கண்ணெதிரிலேயே இதை அடுப்பில் போட்டுவிடு. கடந்த ஜனவரி 9-ஆம் தேதி நான் அனுப்பிய கடிதத்தை உன் எஜமானியம்மாள் படித்துச் சொல்லியிருப்பார். இது அவர் கண்ணில் படக் கூடாது.

அந்தக் கடிதத்தில் நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும். பெந்தெகொஸ்தே ஞாயிறு தொடங்கி மூன்று நாள், பின்க்ஸ்டர் என்று நம்மவர்களுக்கு விடுமுறை தருவது டச்சுக்காரர் வீடுகளில் வழிவழியாக வரும் வழக்கம். இந்தப் பின்க்ஸ்டருக்காவது என் மகளை அனுப்பிவையுங்கள், பார்த்து மூன்று ஆண்டும் ஏழு மாதமும் ஆகின்றன என்று மன்றாடியிருந்தேன். உடனே சம்மதம் வந்தது. ஜூன் 4, திங்கட்கிழமை, குடும்பத்தோடு படகேறி உன்னையும் அழைத்து வருவதாக உன் எஜமானர் வான் டெய்ல் துரை தம் கையாலேயே எழுதினார். உனக்காக இஞ்சி ரொட்டிக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டேன்.

மகளே, நீ வராதே.

காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன். நேற்றுக் காலை, நான் வேலை பார்க்கும் தேவாலயத்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு, விளக்குக்கு எண்ணெய் வாங்கத் துறைமுகம் போனேன். தெற்கே நியூ ஆர்லியன்ஸ் போகும் கப்பலருகே ஏழு பெட்டிகள் கிடந்தன. மூடியில் வான் டெய்ல் குடும்பத்தின் இரண்டெழுத்து. அந்த வீட்டில் இருந்த நாளில் அவற்றுக்கு ஆணி அடித்தவனே நான்; அடையாளம் தப்பாது. யாருடைய சாமான் என்று ஒரு மாலுமியிடம் கேட்டேன்.

"ஆத்துக்கு மேல இருந்து ஒரு துரை வர்றாரு பெருசு. ஜூன் ஏழு, வியாழக்கிழமை கெளம்புறோம். சம்சாரம், ரெண்டு புள்ள, கூட ஒரு கறுப்புப் பொம்பள," என்றான். வேலைக்காரியைக்கூட அவ்வளவு தூரம் அழைத்துப் போவார்களா என்றேன். அவன் சிரித்தான். "ஜூலை நாலோட இந்த மாநிலத்துல அடிமைங்க எல்லாருக்கும் விடுதலை; அது தாண்டுனா இங்க அவ யாரோ, இவரு யாரோ. அங்க கரும்புத் தோட்டத்துல நல்ல வெலைக்குப் போவா. ஒன்னையும் ஏத்தலாம்னா, ஒனக்குக் கஞ்சி ஊத்துறதே நட்டம்!"

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் என் முகத்தைப் பார்த்திருப்பான். திரும்பும் வழியில் எண்ணெய்ப் பாத்திரத்தை இருமுறை கீழே வைத்தேன்.

இன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனேன். வழக்கறிஞர் ஊரில் இல்லை. இங்கிலாந்திலிருந்து அண்மையில் வந்த எழுத்தர் ஒருவர் மட்டும் இருந்தார், கெட்டவர் அல்லர். "அடிமையா? இந்த ஊர்லயா? அதெல்லாம் தெக்கதானே, பெரியவரே? இங்க எப்பவோ முடிஞ்சு போச்சுன்னாங்களே!" என்றார். இன்னும் நாற்பத்து மூன்று நாள் பாக்கி இருக்கிறது ஐயா என்றேன். அவர் ஏதோ புத்தகத்தைப் புரட்டினார். அந்த அலுவலகத்துக்கு மூன்று கட்டடம் தள்ளி, கடைகளுக்கு அடியில், என் தாயைப் புதைத்த நிலம் இருக்கிறது. அங்கே நம்மவர் ஆயிரக்கணக்கில் கிடக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. நான் வணங்கிவிட்டு வெளியே வந்தேன்.

இனி நான் இருபத்தேழு ஆண்டுகளாகச் சொல்லாத ஒன்று. 1800 மார்ச் 3 அன்று நம் அன்றைய எஜமானரான பெரிய துரை பேரேட்டைத் திறந்து, நீ பிறந்தது எப்போது என்று என்னைக் கேட்டார். அவருக்கு நினைவில்லை. நான் என்ன சொன்னாலும் எழுதியிருப்பார். நானோ பெருமையாக, 1799 மே 13, பின்க்ஸ்டர் திங்கள், காலை ஏழுக்குக் கால் மணி முன்பு என்றேன். அந்த 1799 ஜூலை 4-க்குப் பிறகு பிறந்த பெண்களுக்கு இருபத்தைந்து வயதில் விடுதலை என்ற சட்டத்தை அன்று நான் அறியேன். ஐம்பத்துமூன்று நாள் தள்ளிச் சொல்லியிருந்தால், நீ மூன்று ஆண்டுகளுக்கு முன்பே உன் விருப்பப்படி நடமாடியிருப்பாய். உன் தாய் அதை அறிந்த அன்று, "ஒன் தேதியக் கட்டிக்கிட்டு நீயே அழு" என்றாள். சாகும்வரை வேறு எதுவும் சொல்லவில்லை. இப்போது இந்த அழைப்பும் என் கையெழுத்தில்தான் உன்னிடம் வந்தது.

ஆகவே கவனமாகக் கேள். ஜூன் 3, ஞாயிறு, காலையில் பின்க்ஸ்டர் பார்த்து வருகிறேன் என்று அனுமதி கேள். மறுக்க மாட்டார்கள், மறுநாள் படகேறப் போகிறாய் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அன்று சாலையெங்கும் நம்மவர் கூட்டமாக நடப்பார்கள். எங்கே போகிறாய் என்று யாரும் யாரையும் மறிப்பதில்லை. மூட்டை எடுக்காதே. நல்ல உடை உடுத்து, தலையில் பூ வை, சிரித்துக்கொண்டு நட. ஆலைப் பாலத்தருகே மிங்கின் தமக்கை பெட் நிற்பாள். அவள் வீட்டு மாடியறையில் முப்பத்தொரு நாள். சன்னலருகே போகாதே. நான் செத்துவிட்டேன் என்று செய்தி வந்தாலும் இறங்கி வராதே.

துரை இங்கு வந்து என்னை விசாரிப்பார். அடிப்பாரோ, சிறையில் வைப்பாரோ, தெரியாது. எனக்கு அச்சமில்லை என்று எழுத நினைத்தேன், பொய். கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் கதவு தட்டும் ஓசை போலிருக்கிறது, அடிப்பவனே நானாக இருந்தும். ஆனாலும் அவர் எவ்வளவு கேட்டாலும், நீ எங்கே என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 5, வியாழன், நண்பகல் பன்னிரண்டு மணி முதல் படகுத்துறையில் நிற்பேன். அன்று வர இயலாவிட்டால் வெள்ளியும் நிற்பேன்.

இடையில் எவராவது உன்னைப் பிடித்து வயதைக் கேட்டால், தயங்காமல் சொல்: நீ பிறந்தது 1799 ஜூலை 29, திங்கட்கிழமை, காலை ஏழுக்குக் கால் மணி முன்பு. வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்து நானும் அதையே சொல்வேன். யோஸ்ட் ஒரு நாளும் தேதி தவறியதில்லை என்று இந்தத் தெரு முழுவதும் சாட்சி சொல்லும்.

கடவுள் உன்னைக் காக்க.

நீ பிறந்த நாளை நன்கு அறிந்த
உன் தந்தை,
யோஸ்ட்