வழுக்கி விழுந்த பெண்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே இதை ஆரம்பிக்கிறேன். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் துப்பறியும் ஆள் மாதிரி சுற்றுகிறார், சுவரில் இவ்வளவு அழுக்கு இருப்பது இப்போதுதான் தெரிகிறதாம், முப்பது வருஷமாக நான் சொன்னபோது எந்தக் காதில் வாங்கினாரோ. மாடிக்குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. நீ நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்பது போனில் சத்தத்திலேயே தெரிகிறது, உட்கார்ந்து சாப்பிடு. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்ல எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வாயெடுத்துவிட்டு, அங்கே மழையா என்று கேட்டு வைத்துவிட்டேன். எழுதினால் நிறுத்தாமல் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

வீட்டுக்குள் பெண்கள் அடிவாங்குவதைக் குறைக்க அரசாங்கம் ஐந்து வருஷத்துக்கு ஒரு திட்டம் போடுகிறதாம். திட்டம் போட எண்ணிக்கை வேண்டுமே, அதற்காகத் திட்டக் குழு அலுவலகத்திலிருந்து ஒரு புள்ளிவிவர அதிகாரி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து அவசரப் பிரிவுப் பதிவேடுகளை எல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறாள். உன் வயதுதான் இருக்கும், கொண்டையில் பென்சிலைச் சொருகிக்கொள்கிற பெண். அடிபட்டவர் என்று பார்த்தால் வருஷத்துக்கு ஏழு பேர், எட்டுப் பேர். மற்றவர்கள் எல்லாம் குளியலறையில், படியில், சமையலறையில் வழுக்கி விழுந்தவர்கள். "இந்த ஊர்ல தரை எல்லாம் எண்ணெய் ஊத்தி வச்சிருக்காங்களா சிஸ்டர்?" என்று பின்னால் என்னிடம் கேட்டாள், சிரிக்கவில்லை. பழைய ஆள் யாராவது வந்து பிரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டதில் பெரிய டாக்டர் என் பெயரைச் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்து எழுதியவள் நான்தானே.

துணி துவைக்கும் கூடத்துக்குப் பின்னால் பழைய காகிதம் வைக்கிற அறை, உனக்குத் தெரியும், ஸ்கூல் விட்டு வந்து அங்கேதான் வீட்டுப்பாடம் எழுதுவாய். அங்கே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, காகிதத்தைப் பறக்கடிக்கிற ஃபேன். நிஜமாக விழாதவர்கள் என்று எனக்குத் தோன்றுகிற பதிவுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் கேட்டாள். வழுக்குகிறவள் கையை ஊன்றுவாள், உள்ளங்கை தேயும், முட்டி சிராயும். காதுக்குப் பின்னால் அடிபடாது, மேல்கையின் உள்பக்கம் ஐந்து விரல் பதியாது. நிஜமாக விழுந்தவள் தரையைத் திட்டிக்கொண்டே வருவாள். மற்றவளுக்குக் கூட வந்தவன்தான் கதை சொல்வான். இதைச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும், இல்லை பாப்பா. கீரை ஆய்வது மாதிரி கை தன் பாட்டுக்கு வட்டம் போட்டுக்கொண்டு போனது. முதல் நாளே நானூறு தாண்டிவிட்டது, மத்தியானம் கொண்டுபோன சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் உன் பக்கம் வந்தது. என் கையெழுத்து. வயது இருபத்து நான்கு, இடது புருவத்தில் மூன்று தையல், "குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்". நீ அப்படிக் கூறவே இல்லை. எப்படிடி ஆச்சு என்று கேட்டேன், "நீயே எழுதிக்கோம்மா" என்றாய், நான் எழுதிக்கொண்டேன். அப்புறம் உன் முகத்தைத் துடைத்து, மாத்திரை கொடுத்து, கொஞ்சம் அனுசரித்துப் போ என்று சொல்லி, உன்னைக் கட்டினவன் காரிலேயே ஏற்றி அனுப்பினேன். வட்டம் போட்டேன். போட்டுவிட்டு இது என் பெண் என்று சொன்னேன். அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். புதுத் திட்டத்தில் ஒவ்வொரு அவசரப் பிரிவிலும் கதவு போட்ட தனி அறை வருகிறது, கூட வந்தவரை வெளியே நிற்க வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும், "அப்படி ஒரு ரூம் இருந்திருந்தா நீங்க சரியா எழுதியிருப்பீங்களா சிஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டாள். மற்றவர்களுக்கு எழுதியிருப்பேன் என்றேன். இவளுக்கு எழுதியிருக்க மாட்டேன், ஏனென்றால் அன்றைக்குக் கூட யாருமே நிற்கவில்லை, அவன் காரை நிறுத்தப் போயிருந்தான், அங்கே இருந்தது நானும் அவளும்தான். இதையும் அவள் எழுதிக்கொண்டாள். போன வாரம் திட்ட வரைவைப் படிக்கக் கொடுத்தார்கள், நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, காயம்பட்டவருக்கு உறவான ஊழியர் அந்தப் பதிவை எழுதக் கூடாது என்று. அந்த வரி உன்னாலும் என்னாலும் வந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதாமலே இருந்திருப்பேனோ என்னவோ. கடைசி நாள் புதுப் பதிவேடு வந்தது, நான் வேலையை விட்ட பிறகு உள்ளது. அதில் உன் பழைய வீட்டு விலாசம். இருபத்தேழு வயது, மணிக்கட்டு எலும்பு முறிவு, குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார். எழுதியது என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண், வார்த்தைக்கு வார்த்தை என் வாக்கியம். அவன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டது உனக்குத் தெரியும், இது உனக்குத் தெரிந்திருக்காது. பதிவேட்டைப் பார்த்துவிட்டு யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று அந்த அதிகாரி முதல் நாளே சொல்லியிருந்தாள். தப்புதான், போனேன். அந்த வீட்டுக்கு வழி தெரிய எனக்குப் பதிவேடு வேண்டாமே.

காலை பதினோரு மணிக்குப் போனேன், அவன் டிரைவிங் ஸ்கூலில் இருக்கிற நேரம். அவள் கதவைப் பாதி திறந்து, "நீங்க மூத்தவங்களோட அம்மாதானே, போட்டோவுல பாத்திருக்கேன்" என்றாள். கையில் மாவுக்கட்டு. நான் வாயைத் திறப்பதற்குள் "நான் வழுக்கித்தான் விழுந்தேன்" என்றாள். சரிம்மா, அந்த வாக்கியத்தை ஆரம்பித்து வைத்ததே நான்தான், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டு, ஒரு மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் போன் நம்பரையும் நம் வீட்டு விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் நிற்கவில்லை. பதினாறு நாள் ஒன்றும் இல்லை.

போன வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள். அப்பாதான் திறந்தார். யார் என்று சொன்னாள். நீ அந்த மழைக்காலத்தில் பையோடு வந்தபோது அப்பா உன்னை எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டார், நான் பக்கத்தில் நின்று அவரை ஒன்றும் சொல்லவில்லை, ஞாபகம் இருக்கும் உனக்கு. இவளை எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் உன் அறையில் அடுக்கியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஹாலில் வைத்தார், கண் டாக்டர் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், நானும் தடுக்கவில்லை. மறுநாள் அவன் வந்தான். கேட்டுக்கு வெளியே நின்று "அத்தை, அவளை அனுப்பி வைங்க, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை" என்றான், பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்த அதே மரியாதையான குரல். அவள் போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று, நானும் என் பங்குக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், என் பெண்ணின் பதிவு பொய், அதை எழுதியது நான் என்று, போய் வா என்றேன். அவன் காரைத் திருப்பப் பார்த்து இரண்டு தடவை சுவரில் இடித்தான், ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை. இந்த இரண்டு மாதமாகப் பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது, தொட்டால் தொடுவது தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை. ஊசியின் மரப்பு இறங்கும்போது எப்படி இருக்கும் என்று நர்ஸுக்குத் தெரியாதா.

நான் பொய் எழுதினதற்காக ஆஸ்பத்திரியில் விசாரணை வரலாம், வரட்டும். உன்னிடமும் போலீசோ வக்கீலோ கேட்கலாம், உனக்கு இஷ்டம் இருந்தால் பேசு, இல்லாவிட்டால் போனை எடுக்காதே, உன்னை யாரும் குறை சொல்ல நான் விடமாட்டேன், இந்தத் தடவையாவது. கேட்க வேண்டியது ஒன்றுதான். இப்படி வருகிற பெண்கள் தங்க ஊருக்கு ஒரு வீடு என்று திட்டத்தில் இருக்கிறது, ஆனால் அது மூன்றாவது வருஷத்தில்தான் கட்டுகிறார்கள். அதுவரை உன் அறைதான் இருக்கிறது. உன்னைக் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும், கேட்காமல் கொடுத்துவிட்டேன். எனக்குக் கொடுக்காத அறையை இவளுக்குக் கொடுத்தாயே என்று நீ கேட்டால், அந்தக் கேள்வி நியாயம். "அக்கா கோவிச்சுக்குவாங்களா?" என்று இவளும் தினம் கேட்கிறாள். வேண்டாம் என்று நீ ஒரு வரி எழுதினால் வேறு இடம் பார்க்கிறேன், தெருவில் விடமாட்டேன், ஆனால் உன் அறையில் வைக்கமாட்டேன்.

விசாவைப் புதுப்பிக்கிற தேதி வந்துவிட்டது, கடைசி நாள் வரை தள்ளிப் போடாதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ. மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், கையெழுத்து நன்றாக இருந்தது, வேறொன்றும் இல்லை, அதனால் கிழித்துவிட்டேன். நீ யாருக்கும் பயப்படாமல், உனக்குப் பிடித்த மாதிரி, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், இதை மட்டும் மனதாரச் சொல்கிறேன்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன், நீயாக வந்து பார்த்தால் திடுக்கிடுவாய். அவள் மாற்றுத்துணி சரியாக எடுத்து வரவில்லை. அலமாரியில் இருந்த உன் பழைய சட்டைகளில் இரண்டை எடுத்துக் கொடுத்தேன். தைக்கவோ பிரிக்கவோ வேண்டியிருக்கவில்லை. அளவு அப்படியே இருக்கிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா