பின்சந்தில் வைத்த தண்ணீர்த் தட்டு

அந்தத் தட்டு என் பொறுப்பு என்று அன்று நான் சொல்லவில்லை. சுகாதார அதிகாரி கேட்டபோதும் சொல்லவில்லை, மாலைக் கூட்டத்திலும் சொல்லவில்லை. இப்போது பக்கத்துத் தாமான் குடியிருப்பில் கொசுப்புகை அடிக்கிறார்கள். ஜன்னலைச் சாத்திய பிறகும் அதன் டீசல் நெடி அறைக்குள் நிற்கிறது. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

புக்கிட் ரோத்தானில் நம் வீடுகளுக்குப் பின்னால் இருந்த சந்து, நாம் கை வைக்கும்வரை உடைந்த ஓடும் லாலாங் புல்லுமாகக் கிடந்தது. காலையில் பள்ளி வேனை ஓட்டி முடித்துவிட்டு நீ மண்வெட்டி எடுப்பாய். ஆறு வீட்டுச் சமையல் கழிவும் அங்கே மண்ணாயிற்று. வெண்டை, கத்தரி, ஓரமெல்லாம் துளசி. நடுவில் ஒரு மரக்கட்டைக்குள் கெலுலுட், கொட்டாத சின்னத் தேனீக்கள். மருந்து தெளிக்கக் கூடாது என்பது உன் ஒரே சட்டம். காய்த்ததை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம்.

கொசு வரும் என்று முணுமுணுத்தவர்கள் அப்போதே உண்டு. "அவ பார்த்துக்குவா" என்று அடங்கிப் போவார்கள். உன் கவனத்தை நம்பித்தான் அந்தச் சந்தை விட்டு வைத்திருந்தார்கள்.

தேனீக்கள் குடிக்க, கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் வைப்போம். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான். அதில் நான் புதினா கிள்ளிப் போட்டு அழகு பார்த்தபோது, டீ ஆற்றுகிறவளைப் பார்ப்பதுபோல் சிரித்தாய். "தே தாரேக்கா கலக்குறியா? தண்ணிய மாத்துடி, அது போதும் லா."

என் முறை வந்த ஒரு வாரம் தடித்த நாவல் ஒன்றில் கிடந்தேன். ஏழு நாளும் சந்துப் பக்கமே போகவில்லை.

அந்த வாரம்தான் எதிர்வீட்டு ஆண்ட்டியின் மகள் டெங்கியோடு மருத்துவமனையில் கிடந்தாள். அவளைச் சேர்த்த நான்காம் நாள் சுகாதார அதிகாரி வந்தார். தட்டுத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே புழுக்கள் துள்ளின.

"இது யாருடையது?" என்று மலாயில் கேட்டார்.

ஆண்ட்டி காலில் ஜோடி மாறிய சிலிப்பர். "பூச்சிக்குத் தண்ணி வைக்கிறாங்களாம். என் பிள்ளைக்கு அங்க டிரிப்ஸ் ஏறுது," என்றார். குரல் உயரவே இல்லை.

நீ என்னைப் பார்த்தாய், ஒரே ஒரு முறை. நான் தட்டைப் பார்த்தேன்.

"என்னோடதுதான்," என்றாய்.

அவர்கள் போனதும், "ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"உன்னைன்னா ஆண்ட்டி பிச்சிப் போட்டுரும். நான் தினம் அந்தப் பாப்பாவ ஏத்திட்டுப் போறவ. நாலு திட்டோட விட்டுரும். நீ வாய மூடிக்கிட்டு இரு."

நீ போட்ட கணக்கு தப்பு. நான் சொல்லியிருந்தால் அது ஒரு சோம்பேறியின் தவறு. நீ சொன்னதால் தோட்டமே தவறாகிவிட்டது. "இவளே இப்படின்னா, வேற யார நம்புறது?" என்றார் அன்று மாலை குடியிருப்பாளர் கூட்டத்தில் மூலை வீட்டு அங்கிள். சந்தில் சிமெண்டு போட்டுவிடலாமா என்று கை தூக்கச் சொன்னார்கள். அப்போதும் நேரம் இருந்தது. நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் எழுந்து, சொல்லப் போகிறேன் என்று நினைத்து, மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தேன். கைகளை எண்ணினார்கள். நான் எந்தப் பக்கமும் தூக்கவில்லை.

ஆண்ட்டியின் மகள் குணமாகி வந்து மறுபடியும் உன் வேனில் ஏறினாள். சந்தில் சிமெண்டு காய இரண்டு நாள் ஆயிற்று. நீ என்னோடு முன்போலவே பேசினாய். செடிகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. எட்டு மாதம் கழித்து, மூளையில் இரத்தம் கசிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை நீ இறந்துபோனாய். ஆண்ட்டியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.