தெரியாத பாட்டாக அனுப்பு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை.

போனை எடுத்துப் பேசாமல் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். காது போன பிறகு உன் அப்பா உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகினார் அல்லவா, அதில் இப்போது பெரிய கில்லாடி. பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் கண்ணாடி வழியாகப் படித்துவிடுகிறார். அன்றைக்கு உன்னிடம் அவரைப் பற்றி முணுமுணுத்தேனே, போனை வைத்ததும் ஒரு வரி விடாமல் பதில் சொன்னார். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் சந்தேகம் வருகிறது. அதனால் மருந்துக்கடையில் கூட்டமில்லாத மதியத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். டாக்டர்கள் கிறுக்குவதைப் படித்துப் படித்து என் கையெழுத்தும் அப்படியே ஆகிவிட்டது. பொறுமையாகப் படி.

காது ஆபரேஷனில் அப்பா தலையில் போட்ட தையல் நன்றாக ஆறிவிட்டது. உள்ளே வைத்த காதுக் கருவியையும் வேலை செய்ய வைத்துவிட்டார்கள். காதுக்குப் பின்னால் ஒன்று மாட்டிக்கொள்ள வேண்டும், அதிலிருந்து ஒரு சின்ன ஒயர், ஒயர் முனையில் பொத்தான் மாதிரி ஒன்று காந்தம் போலத் தலையில் ஒட்டிக்கொள்கிறது. ஆஸ்பத்திரியில் இதற்குப் பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு அப்பா வைத்திருக்கும் பெயர் காது டீச்சர். அந்தப் பெண் கருவியைப் போட்டுவிட்டு, ஏதாவது பேசுங்கள் என்று என்னைப் பார்த்தாள். அத்தனை நாள் பேசக் காத்திருந்தவளுக்கு அந்த நேரம் பார்த்து வாயில் வந்தது ஒரே வார்த்தைதான். "கேக்குதா?" என்றேன். "ஏன் வாத்து மாதிரி பேசுற?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை எதுவாக இருக்கும்? பாட்டுதான். பஸ் ஓட்டிய காலத்தில் மலை ஏறும்போது எப்போதும் ஒரு பாட்டுப் போடுவாரே, அது. முழுசாகக்கூடக் கேட்கவில்லை. பொத்தானைத் தலையிலிருந்து பிடுங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். தகரத்தைக் கல்லில் தேய்ப்பது போல இருந்ததாம். அடுத்த நாள் மாட்டிக்கொண்டார், ரோட்டில் ஹார்ன் கேட்க வேண்டுமே. ஆனால் பாட்டுப் பேச்சையே எடுப்பதில்லை. அவர் பாட்டுக்காகவே ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. அந்த மனுஷன் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

காது டீச்சரிடம் கேட்டேன். தெரிந்த பாட்டு ஒவ்வொன்றும் மூளைக்குள் பழைய சத்தத்தோடு இருக்கிறதாம், புதிதாக வருவதை அதோடு வைத்துப் பார்த்துத் தப்பு தப்பு என்கிறதாம். அதனால் இதுவரை கேட்டே இராத பாட்டாகக் கொடுங்கள், ஒப்பிட ஒன்றும் இருக்காது என்றாள். சொல்வது சுலபம். உன் அப்பா கேட்காத பாட்டுக்கு நான் எங்கே போவேன்? நம் மொழியில் வந்தது எல்லாம் அவருக்கு அத்துப்படி. பக்கத்து மொழிகளிலும் பாதி தெரியும்.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நீ வேலை பார்க்கும் சலவைக் கூடத்தில் ஊர் உலகத்து ஜனம் எல்லாம் இருப்பதாகச் சொன்னாயே. ஒவ்வொருவரிடமும் கேள். வீட்டில் என்ன பாடுவீர்கள், அப்பா அம்மா என்ன கேட்பார்கள் என்று கேள். எந்த வகையாக இருந்தாலும் பரவாயில்லை, நமக்குத் தெரியாத பாட்டாக அனுப்பு. என் வண்டியில் என் பாட்டுதான் என்று பயணிகள் கொடுத்த கேசட்டைத் திருப்பிக் கொடுத்தவர், "சரி, கேட்டுத் தொலைக்கிறேன்" என்று இறங்கி வந்திருக்கிறார். மனசு மாறுவதற்குள் அனுப்பு.

இன்னொன்று. அப்பா என்னோடு பேசவே மாட்டேன் என்கிறார், ஆபரேஷனுக்கு வரவில்லை என்று கோபமா என்று அழுதாயே. வீடியோவில் கையை ஆட்டிவிட்டு நழுவுவதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். லீவு கிடைக்காதது உன் தப்பா? கோபம் இருக்காது என்று நினைக்கிறேன். கேட்டுச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அம்மா

*

என் செல்லத்துக்கு,

நீ அனுப்பியது எல்லாம் வந்தது. நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்குப் பாட்டுக் கொடுத்த அத்தனை பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

போனிலிருந்து ஒயர் இல்லாமலே பாட்டு நேராக அவர் தலைக்குள் போய்விடுகிறது. எனக்கு ஒன்றும் கேட்காது, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் போட்டது கூட்டமாக வயலின் வாசிப்பது. "சந்தையில சண்டை" என்று நிறுத்திவிட்டார். இரண்டாவதாக வந்த அம்மாள் உச்சத்துக்குப் போய் இறங்காமல் அங்கேயே நின்றாளாம், அவளையும் இறக்கிவிட்டார். அப்புறம்தான் அந்த மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கிறார்களே, அது வந்தது. அவர் கால் விரல் ஆடியது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

இப்போது தினமும் காலையில் டீயோடு உட்கார்ந்துவிடுகிறார். பனி ஊர்க்காரர்கள் கால் மிதித்துப் பாடுவது பிடித்திருக்கிறது. பாலைவனத்துப் பெண்கள் கைதட்டிக்கொண்டு பாடுவது ரொம்பப் பிடித்திருக்கிறது. தொண்டைக்குள்ளேயே உறுமும் ஒருவர் இருக்கிறாரே, அவரைக் கேட்டுவிட்டு, "இந்தாளு முதல் கியர்லயே மலை ஏறுறான்" என்றார். துணி மடிக்கும் பெரியவர் தன் ஊரில் வலை இழுக்கும்போது பாடுவது என்று கொடுத்ததைக் கேட்டுவிட்டு, ஏன் ஒருவர் பாடி எல்லோரும் பதில் சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்? அந்தப் பெரியவரிடம் கேட்டுச் சொல். இளசுகள் கேட்கும் பாட்டு இருந்தாலும் அனுப்பச் சொன்னார் உன் அப்பா. அவர்தான் சொன்னார், நான் கயிறு திரிக்கவில்லை.

இனி சொல்லப்போவதை உட்கார்ந்து படி.

நல்ல மனநிலையில் இருக்கிறாரே என்று, மகளோடு ஒரு வார்த்தை பேசினால் என்ன, அவள் மேல் என்ன கோபம் என்று நேரடியாகக் கேட்டேன். கோபமா என்று திகைத்துப் போய்விட்டார். கொஞ்ச நேரம் மேஜைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். அப்புறம் சொன்னார்: "உன் குரல் முதல்ல வாத்து மாதிரி இருந்துச்சு. பழகிப்போச்சு, இப்ப இதான் உன் குரல். ஆனா முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சுப் பார்த்தா வரவே மாட்டேங்குது. அவ குரல் இன்னும் அப்படியே உள்ள இருக்கு. புதுசைக் கேட்டா அதுவும் அழிஞ்சிடும்."

அவ்வளவுதான் விஷயம். உன் மேல் ஒரு துளிக் கோபம் இல்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் நழுவியது அதைக் காப்பாற்றத்தான்.

உன்னை நினைத்து அழுகை வந்தது, பொய் சொல்வானேன், என்னை நினைத்தும் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குரலில்தான் அவரைக் கூப்பிட்டேன், திட்டினேன், கொஞ்சினேன். இப்போது அது அவரிடம் இல்லை. உன் குரலாவது அவர் நினைவில் இருக்கிறது, அது போதும். "என் குரல் போனா போகட்டும், திட்டு மட்டும் ஞாபகம் இருக்கா?" என்றேன். "அது தினமும் புதுசா வருதே" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு வழி தெரியவில்லை. வற்புறுத்தவும் மனசு வரவில்லை. நீ வருத்தப்படாதே என்று எழுத நினைத்தேன், அது எப்படி முடியும்? வருத்தப்படு, ஆனால் பட்டினி கிடக்காதே. பாட்டு மட்டும் நிறுத்தாமல் அனுப்பு.

அன்புடன்
அம்மா

*

கண்ணு,

இந்தத் தடவை நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை எனக்கு.

உன்னோடு வேலை பார்க்கும் இஸ்திரி அக்கா பாடியதை நீயே பதிவு செய்து அனுப்பினாயே, அதை நேற்றுக் காலை போட்டார். வழக்கம் போல நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்தேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார். அப்புறம் கொஞ்சம் கேட்டு நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. இப்படியே நாலைந்து முறை. அவ்வளவு பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"பாட்டு சுமார்தான். முன்னாடி ஒரு பொண்ணு பேசுதே, அந்தக் குரல் நல்லா இருக்கு. எந்த ஊர் பாஷைன்னு தெரியல. யாருன்னு நம்ம பொண்ணுகிட்ட கேளு" என்றார்.

போனை வாங்கி, எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்துப் போட்டேன். பாட்டு தொடங்குவதற்கு முன் நீ பேசியதை வெட்ட மறந்துவிட்டாய். எனக்காகப் பேசியதுதானே அது? "அம்மா, மெஷின் சத்தம் கொஞ்சம் இருக்கும், பரவாயில்லையா பாரு. அப்பாவுக்குத் தெரியாம அவர் பேசுறதை எடுத்து அனுப்பும்மா. அவர் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு." உதட்டைப் பார்க்காமல் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்து பால்கனிக்குப் போய், காயாத துணியை எல்லாம் மடித்தேன். பெற்ற மகளைத் தெரியவில்லையே என்று ஒரு பக்கம் ஆறவில்லை. தெரியாமலே பிடித்துப் போயிற்றே என்று இன்னொரு பக்கம். உனக்கும் முதலில் அழுகைதான் வரும். அழுதுவிட்டு மேலே படி.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். யாரோ ஒரு பெண் என்றே இருக்கட்டும், வாராவாரம் நீ பேசி அனுப்பு, அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று. ஆனால் அப்படிக் கேட்டால் அது உன் குரலாக இருக்காதே. அதனால் இன்று காலை எதிரில் உட்கார்ந்து, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னேன். அது நம் பொண்ணுதான், பேசியது நம் பாஷைதான் என்று. நீ என்ன பேசினாய் என்பதையும் சொன்னேன்.

உன் அப்பாவை எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியும். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. "அப்ப கேட்டுட்டேனா?" என்றார். ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்த உன் பழைய குரலைத்தான் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து, போனை எடுத்து மறுபடி அதையே போட்டார். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு கேட்டார். முடிந்ததும், "நல்லா இருக்குன்னு நான்தானே சொன்னேன்" என்றார். அப்புறம் என் பக்கம் பார்க்காமலே, "ஒண்ணும் புரியல. இவ்வளவு வேகமா பேசினா எப்படி? மெதுவாப் பேசச் சொல்லு" என்றார்.

ஆகையால், ஞாயிற்றுக்கிழமை நீ வேலை முடிந்து வந்ததும் கூப்பிடு. வீடியோ வேண்டாம் என்கிறார், உதட்டைப் பார்க்காமல் கேட்டுப் பார்க்க வேண்டுமாம். பாட்டைப் பற்றியே பேசு, அதில் அவருக்கு நூறு கேள்வி இருக்கிறது. மெதுவாகப் பேசு. உனக்கு அழுகை வந்தால் அடக்கிக்கொள், அழுதால் அவருக்கு ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும்.

போனை அவரே எடுப்பார். எடுத்ததும், நான்தான் உங்கள் மகள் பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடு. பிடிபடவில்லை என்றால் இன்னொரு முறை சொல். அதற்கும் பிடிபடவில்லை என்றால் இன்னொரு முறை சொல். அலுத்துக்கொள்ளாமல் சொல், என் தங்கமே. அவர் போனை வைக்க மாட்டார்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.
அம்மா