ஆளுக்கொரு வேளைத் தண்ணீர்

அடுத்த அறையில் இருக்கும் மகாராஜாவுக்கு,

நாம் பேசாமல் இருக்கும் இந்த ஒரு மாதமாக, ஜன்னலோரச் செடியை நீங்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினேன். அது துவண்டது. இன்னும் ஊற்றினேன்.

இன்று வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். நான் வந்ததுகூடத் தெரியாமல் குவளையோடு நின்று, "அவ எங்க உன்னைப் பாக்கப் போறா! நீ குடி" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செடியோடு பேச வாய் இருக்கிறது, என்னோடு பேச மட்டும் இல்லையோ?

நீங்கள் போனதும் மண்ணில் விரலை விட்டேன். ஒரே சேறு. தொட்டியைக் கவிழ்த்தால் பாதி வேர் அழுகி நாறுகிறது. வாடுகிறதே என்று ஆளுக்கொரு வேளை ஊற்றி மூழ்கடித்திருக்கிறோம்.

அழுகியதை வெட்டி, புது மண்ணில் வைத்துவிட்டேன். மேல்மண் காய்ந்த பிறகுதான் இனித் தண்ணீர். அதற்கு முன், "நீ ஊத்துனியா?" என்று என்னைக் கேட்க வேண்டும். சீட்டெல்லாம் எழுதக் கூடாது. அந்த அசட்டு வேலையை நான் செய்தாகிவிட்டது. வாயைத் திறந்து கேளுங்கள்.

மண் காய நாலைந்து நாள் ஆகுமாம். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

இப்படிக்கு,
காலையில் ஊற்றியவள்